பழைய டிவி: இருக்கிற போர்டைப் பார்ப்பதா, கிட் போர்டு மாட்டுவதா?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி வரும் பழைய கலர் பெட்டிகளில் பாதி கோளாறு ஈரத்தால்தான். ஃப்ளைபேக் (உயர் வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) பக்கம் 'சர்'ரென்று இரையும், பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிற இடம், விளையாட்டில்லை. துடைத்துக் காயவைத்தாலே சில பெட்டிகள் எழுந்துவிடும்.

அசல் போர்டைச் சரிபண்ணினால் படம் கம்பெனி செட்டிங்கிலேயே நிற்கும். திரை நடுவே ஒரே கோடு என்றால் பெரும்பாலும் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசி அல்லது விட்டுப்போன சால்டர், ஆனால் வாடிக்கையாளரோ "டியூப் போச்சு, ஏமாத்தறீங்க" என்று முடிவோடுதான் வருவார். அவர் எதிரிலேயே மூடியைக் கழற்றி, உப்பிய கெபாசிட்டரைக் காட்டி, கழற்றியதைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், "இந்தச் சின்னதுக்கா இவ்வளவு?" என்ற கேள்வி அப்போதும் வரும், அது வேறு விஷயம்.

கிட் போர்டு, அதாவது அசலைக் கழற்றிவிட்டு மாட்டும் ரெடிமேட் போர்டு, சீக்கிரம் முடியும், ரிமோட்டும் ஏவி இன்புட்டும் சேர்ந்தே வரும். செட்டாப் பாக்ஸ் வைப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் டியூப் கழுத்தில் இருக்கும் பழைய யோக் காயிலோடு ஒத்துப்போகாவிட்டால் படம் ஓரங்களில் இழுத்துக்கொள்ளும்.

தாத்தா வாங்கிய டயனோரா, சாலிடேர் என்றால் நான் போர்டைத் தொட்டுத்தான் பார்ப்பேன். கடையில் ஓட வேண்டிய 21 இஞ்ச் பெட்டிக்கு கிட் போதும்.