‘பியு டியூப்’ என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்காதீர்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இயந்திரப் பராமரிப்பு என் பொறுப்பு. துணிக்குச் சாயமேற்றும் நான்கு சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்களின் வால்வுகளுக்குக் காற்று கொண்டுசெல்லும் டியூப்கள் பழையனவாகிவிட்டதால், சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு கடையில் 8 மி.மீ. வெளிவிட்டமுள்ள பாலியூரித்தேன் (சுருக்கமாகப் ‘பியு’) டியூப் 600 மீட்டர் வாங்கினோம். இதில் எஸ்டர், ஈதர் என இரண்டு வகை உண்டு. ஈரமும் வெக்கையும் ஓயாத இடம் என்பதால் ஈதர் வகைதான் வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னதோடு வாட்ஸப்பிலும் எழுதி அனுப்பினேன். “அதேதானுங்க அனுப்பறோம்” என்றார்கள். வந்து இறங்கிய சுருள்களில் ‘பியு 8×5’ என்ற அச்சைத் தவிரத் தயாரிப்பாளர் பெயரோ, தாங்கும் அழுத்தமோ, தொகுதி எண்ணோ இல்லை. பில்லிலும் ‘பியு டியூப்’ என்றே இருந்தது. அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்; இயந்திரம் நிற்கிறதே என்ற அவசரத்தில் பொருத்திவிட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் டியூப் கையில் பிசுபிசுத்தது. ஏழாம் மாதத்தில் ஓர் இரவு, நீராவி வால்வுக்குச் செல்லும் டியூப் வளைவில் வெடித்துக் காற்று போய்விட, அந்த வால்வு ஸ்பிரிங்கின் விசையால் மூடிக்கொண்டது. 60 டிகிரியில் நிற்க வேண்டிய சாயக் குளியல் குளிர்ந்துபோய், அந்த லாட் முழுவதும் நிறம் மாறி, மறுபடியும் சாயமேற்ற வேண்டியதாயிற்று.

மீதமிருந்த சுருளில் ஒரு முழம் வெட்டி, வேறிடத்தில் வாங்கிய ஈதர் டியூப் துண்டு ஒன்றுடன் சேர்த்துச் சுடுநீர்த் தொட்டியில் போட்டு வைத்தேன். மூன்றாவது வாரத்தில், அந்தக் கடை டியூபின் துண்டு வளைத்தவுடன் முறிந்தது. மற்றது போட்டபடியே இருந்தது. எங்களுக்கு வந்தது எஸ்டர் வகை என்பதில் அதன்பின் எனக்குச் சந்தேகம் இல்லை. எஸ்டர் பிணைப்பைச் சூடான நீர் பிளக்கிறது. பிளவில் உண்டாகும் அமிலம் அடுத்தடுத்த பிணைப்புகள் உடைவதை விரைவுபடுத்துகிறது. ஈதர் பிணைப்புக்கு அந்தப் பலவீனம் இல்லை. எஸ்டரை மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் தெறிக்கும், உராய்வு மிகுந்த, உலர்ந்த லேத் பட்டறைக்கு அது நல்ல டியூப்தான்.

கடையில் கேட்டபோது, “பியுன்னா பியுதானுங்க, அதுல ரெண்டு வகையெல்லாம் இல்லீங்க” என்றார் உரிமையாளர். வாட்ஸப் செய்தியைக் காட்டியதும், பில்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கொடுத்தோம் என்றார். ஆகவே எஸ்டரா ஈதரா என்பதை ஆர்டரிலும் பில்லிலும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

விட்டத்தை அளக்க வெர்னியர் அளவியையும் எடுத்துச் செல்லுங்கள். எங்களுக்கு வந்த டியூபின் வெளிவிட்டம் பல இடங்களில் 7.7 மி.மீ.தான் இருந்தது. டியூபைச் செருகி இணைக்கும் புஷ் ஃபிட்டிங்கினுள் இருக்கும் ரப்பர் வளையம் அந்த வெளிவிட்டத்தைப் பிடித்துத்தான் காற்றை அடைக்கிறது என்பதால், கசிவுக்கு ஃபிட்டிங்கைக் குறை சொல்லி நாங்கள் மாற்றியதெல்லாம் வீண் செலவு.

சூடு கூடக்கூட எந்தப் பிளாஸ்டிக் டியூபும் தாங்கும் அழுத்தம் குறையும். 20 டிகிரிக்குச் சொல்லப்பட்ட 10 பார் என்பதை நம்பி நீராவிக் குழாயை ஒட்டி டியூப் இழுக்கக் கூடாது. அங்கே இப்போது பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) டியூப் போட்டிருக்கிறோம், விலை கூடுதல், ஆனால் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். நைலான் என்று கேட்டாலும் எண்ணைச் சேர்த்துக் கேளுங்கள்: நைலான் 6 நீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு வரை நீரை உறிஞ்சி அளவு மாறும், நைலான் 12 ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடுதான் உறிஞ்சும். அமிலத்தை அளந்து செலுத்தும் டோசிங் வழிகளுக்கு இரண்டுமே வேண்டாம்.

மீதமிருந்த 140 மீட்டரைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரவுப் பணியாளர் யாரும் தவறி எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று, அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கழிவில் போடச் சொல்லிவிட்டேன்.