ஒரு ரீங்காரத்துக்கு ஒன்றரை மாதச் சம்பளம் அழுதேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

ஒன்றரை மாதச் சம்பளம். பதினோரு நாள் முன்பு அதை ஒரு ஒர்க்‌ஷாப்பில் மொத்தமாகக் கட்டினேன். எந்தச் சத்தத்தோடு காரை உள்ளே விட்டேனோ, அதே சத்தத்தோடு வெளியே ஓட்டிக்கொண்டு வந்தேன். உண்மையான கோளாறு என்ன என்பது இன்று மதியம்தான், வேறொருவர் கையால் தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப் பெயரை எழுதப் போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கப்படும் என்று போர்டு, கண்ணாடி அறை, ஏசி, சோபா, கையில் டேப்லெட்டோடு நடக்கும் அட்வைசர்கள். அந்த மாதிரி இடம். இப்படிப்பட்ட சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி ஏழு வருடம் ஓடியது, ஆல் வீல் டிரைவ், நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வகை. அதாவது முன்னால் கியர்பாக்ஸ், அதை ஒட்டிப் பின்பக்கத்துக்கு சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரங்களைக் கோத்துவிடும் கப்ளிங், அந்தச் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துவிடும் பல்சக்கரப் பெட்டியான பின் டிஃபரன்ஷியல், ஆக்ஸில்கள், சக்கரங்கள் வழுக்கிச் சுழல உதவும் நான்கு வீல் பேரிங். இப்போது தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அன்றைக்கு இதில் பாதி தெரியாது. சுழலும் சாமான் எத்தனையோ அத்தனை சந்தேகம், சந்தேகம் எத்தனையோ அத்தனை பில். அதுதான் இவர்களுக்கு வசதி.

சத்தம் 50 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஆரம்பிக்கும். 70-இல் 'ஊ...ங்' என்று வண்டி முழுக்க நிறையும். 90-ஐத் தாண்டினால் காற்றுச் சத்தத்தில் அமுங்கிவிடும். பின்னாலிருந்து வருகிறது என்பது தெரிந்தது, எந்தப் பக்கம் என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. பின் சீட்டில் வலது ஓரம் உட்காரும் மகள்தான் முதலில் சொன்னாள்: "அம்மா, கார் குறட்டை விடுது. என் சீட்டுக்கு அடியில." ஒன்பது வயது. அதை அப்படியே அட்வைசரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு டேப்லெட்டில் 'ரியர் நாய்ஸ்' என்று மட்டும் தட்டினார்.

நான் எங்கே விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள். அந்த அட்வைசர் என் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் டிரைவ் வந்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார், ஏசியை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்து, ஒரு நிமிடம் அசையாமல் கேட்டார். நாடி பிடிக்கும் வைத்தியர் தோற்றார் போங்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு மாதமாக நான் சொல்வதை ஒருவர் முதல் முறையாகக் காது கொடுத்துக் கேட்கிறார் அல்லவா? ஒன்று மட்டும் உறுத்தியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் சத்தம் மாறவில்லையே, ஏன் என்று கேட்டேன். "எலக்ட்ரானிக் கப்ளிங் மேடம், அது அப்படித்தான்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றி, என்னைக் கீழே கூப்பிட்டார். பின் டிஃபரன்ஷியலின் டிரெயின் பிளக்கை, அதாவது ஆயிலை வடிக்கும் அடைப்பானை, கழற்றினார். அதன் நுனியில் சின்னதாக ஒரு காந்தம். காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். மினுமினு என்றது. "பாருங்க மேடம், உள்ள பல்லு தேஞ்சு மாவாகுது. இன்னும் ஓட்டினா நடு ரோட்ல லாக் ஆகிடும். குழந்தையை வச்சு ஓட்டுறீங்க." அந்தக் கடைசி வாக்கியம் போதுமே. அசெம்பிளியோடு, அதாவது டிஃபரன்ஷியலை முழுசாகவே, மாற்ற வேண்டும், ஒன்றரை மாதச் சம்பளம் ஆகும் என்றார் (அவர் சொன்னது தொகை, எனக்குக் கேட்டது அப்படி). அங்கேயே போனை எடுத்துக் கட்டினேன். இரண்டாவது இடத்தில் கேட்கலாம் என்ற யோசனைகூட வரவில்லை. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்து என் கையில் வேறு கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. பில்லில் 'ரியர் டிஃபரன்ஷியல் அசெம்பிளி – 1', டிஃபரன்ஷியல் ஆயில், கப்ளிங் ஆயில், லேபர். கேட்டைத் தாண்டி இரண்டு திருப்பம், வேகம் 50. ஊ...ங்.

அன்று மாலையே போன் செய்தேன். "புது கியர் மேடம், பல்லோட பல்லு சேரணும். 500 கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா போயிடும்." ஓட்டினேன். வேலை இல்லாத இடத்துக்கெல்லாம் போய் 500 சேர்த்தேன். போகவில்லை. நேரில் போனேன். இப்போது "டயர் சத்தம் மேடம், நாலையும் மாத்திடுங்க" என்றார்கள். டயரும் இப்படிக் கத்தும் என்பது உண்மைதான், ஏற்றஇறக்கமாகத் தேய்ந்த டயர் பேரிங் மாதிரியே ரீங்காரம் போடும். ஆனால் வழவழப்பான ரோட்டிலும் சொரசொரப்பான ரோட்டிலும் அதன் குரல் மாறும். முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டால் சத்தமும் கூடவே இடம் மாறும். அரை மணி நேர வேலை. மாற்றிப் பாருங்களேன் என்றேன். "அதெல்லாம் எங்க புரொசீஜர்ல இல்ல."

மூன்றாவது முறை போனபோது கேட்டதுதான் இன்னும் காதில் எரிகிறது. "ஆல் வீல் டிரைவ்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும் மேடம். வீட்ல சார் இருந்தா கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட எக்ஸ்ப்ளெயின் பண்றேன்." வண்டி என் பெயரில். ஓட்டுவது நான். கட்டியது என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம். சார் எதற்கு?

கழற்றிய பழைய டிஃபரன்ஷியலைக் காட்டுங்கள் என்றேன். ஸ்க்ராப்பில் போய்விட்டதாம். அதற்குப் பிறகு அந்த அட்வைசர் என் போனை எடுக்கவில்லை. ரிசப்ஷனில் கேட்டால் லீவ் என்றார்கள், மறுநாள் வேறு பிராஞ்ச் என்றார்கள்.

இன்று காலை, கூட வேலை செய்பவர் சொல்லி ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவரிடம் டேப்லெட் இல்லை. முதலில் அவரே ஓட்டினார். 70-இல் நியூட்ரலுக்குத் தள்ளினார், எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியது, சத்தம் இம்மியும் மாறவில்லை. "எஞ்சினை விட்டுரலாம்மா, இது சக்கரத்தோட சுத்துற ஏதோ ஒண்ணு." அடுத்து கியரில் போட்டு மிதித்தார், விட்டார். "டிஃபரன்ஷியல் பல்லுன்னா மிதிக்கும்போது ஒரு குரல், விடும்போது ஒரு குரல் இருக்கும். இது ஒரே குரலா பாடுது." நான் பதினோரு நாள் முன்பு கேட்ட அதே கேள்வி! அப்புறம் காலியாக, அகலமாக இருந்த ரோட்டில் 60-இல் ஸ்டீயரிங்கை மெல்ல இடது பக்கம் ஒடித்தார். சத்தம் பொங்கியது. வலது பக்கம் ஒடித்தார், கிட்டத்தட்ட நின்றே போனது. இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரங்களின் மேல் சாயும், அதனால் வலது பக்க பேரிங் கத்தும் என்றார். மொத்தம் பத்து நிமிடம்.

திரும்பி வந்து நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்ப லிஃப்டில் ஏற்றினார். வலது பின் சக்கரத்தின் காயில் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினார். ஒன்றும் சொல்லாமல் என் கையை எடுத்து ஸ்பிரிங்கின் மேல் வைக்கச் சொன்னார். சுழற்றினார். காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் விரல் வழியே, கம்பிக்குள் யாரோ மணலை அரைப்பது போல கரகரவென்று ஏறியது. இடது பக்கம் போய் அதே மாதிரி பிடித்துப் பார்த்தேன். பட்டு மாதிரி ஓடியது.

வலது பின் வீல் பேரிங். மகள் சீட்டுக்கு நேர் கீழே.

பேரிங்கும் கூலியும் சேர்த்து, நான் அங்கே கட்டியதில் பதினெட்டில் ஒரு பங்கு. ஒன்றரை மணி நேரம். இப்போது 70-இல் போனால் கடிகார முள் கேட்கும் போலிருக்கிறது.

இன்னும் இருக்கிறது. அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காந்தம் வச்சிருக்கறதே இதைப் பிடிக்கத்தான்மா. இத்தனை வருஷம் ஓடின வண்டியில இவ்வளவு பசை இருக்கும். சிம்பு சிம்பா, துண்டு துண்டா வந்தாத்தான் பயப்படணும்." பிறகு டார்ச்சை எடுத்து மேலே அடித்தார். டிஃபரன்ஷியலைத் தாங்கும் போல்ட் தலைகளில் வருடக்கணக்கான சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில், போல்ட்டிலும் அது முடுக்கியிருக்கும் தட்டிலும் (ஃபிளாஞ்ச்) சேர்த்து இழுத்த பழைய மஞ்சள் பெயிண்ட் கோடு துளிகூட விலகாமல் நேராக இருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்தக் கோடு பிளந்திருக்கும். மொத்தத்தில் பளபள என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், டிரெயின் பிளக்கின் வாஷர். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அசெம்பிளிக்கு பில் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை மாதச் சம்பளம்!

அங்கிருந்தே அந்த ஒர்க்‌ஷாப் மேனேஜருக்குப் போன் போட்டேன். "மெயில் பண்ணுங்க மேடம், ஏழு வேலை நாள்ல ரிப்ளை வரும்."

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, ராத்திரி மணி பன்னிரண்டாகப் போகிறது. ஞாபகம் வருவதை மட்டும் சொல்கிறேன். வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே பழைய பார்ட் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னால் ஸ்க்ராப்பில் போய்விடும். மாற்றப் போவதாகச் சொல்லும் சாமானை முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், அதன் போல்ட்டையும் சேர்த்து. ரீங்காரம் என்றால் முதலில் டயர், அடுத்து வீல் பேரிங், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆல் வீல் டிரைவ் வண்டியை இரண்டு சக்கரம் மட்டும் தூக்கி கியர் போட்டு ஓட்டிப் பார்க்க விடாதீர்கள், கப்ளிங் கோத்துக்கொண்டால் வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடும். ஸ்டீயரிங்கை ஒடித்து சத்தம் பார்க்காமல் டிஃபரன்ஷியலைப் பற்றிப் பேசுகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். குழந்தை ஒரு பக்கத்தைக் காட்டினால் முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

போல்ட், மஞ்சள் கோடு, வாஷர் மூன்றையும் பதினான்கு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வீல் பேரிங்கைத் துணியில் சுற்றிப் பையில் போட்டாயிற்று, அந்த வெள்ளைக் காகிதமும் கூட இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் திறக்கும்போது வாசலில் நிற்பேன். சாரைக் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை.