மொசைக்கா, வண்ணக் கண்ணாடியா?

பழைய தேவாலயங்களின் அலங்காரத்தைக் காணப் புறப்படுவோர் மொசைக்குக்கு (சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து உருவாக்கும் சுவரோவியம்) பெயர்பெற்ற இத்தாலியின் ரவென்னாவுக்கும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் கொண்ட பாரிஸுக்கும் இடையே தயங்குவதுண்டு.

கட்டடம்: 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட ரவென்னாவின் சான் விட்டாலே தேவாலயம், எளிய செங்கற்சுவர் கொண்ட எண்கோணக் கட்டடம். 1248-இல் அர்ப்பணிக்கப்பட்ட பாரிஸின் சேன்த் ஷாப்பெல் தேவாலயத்திலோ, கூரையின் உந்துவிசையை வெளிப்புற முட்டுத்தூண்கள் ஏற்பதால், மேல்தளச் சுவர்களின் இடத்தைப் பெரும்பாலும் கண்ணாடியே பிடித்துக்கொண்டது.

ஒளி: பொன் தகடு பொதிந்த மொசைக் துண்டுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், நாம் நடக்க நடக்க மினுக்கமும் இடம் மாறுகிறது, அரையிருளில்தான் அதன் அழகு கூடுகிறது என்பது என் எண்ணம். வண்ணக் கண்ணாடி முழுக்க முழுக்கச் சூரியனை நம்பியிருப்பதால், மேகமூட்டமான நாளில் அதன் நிறங்கள் அடங்கிவிடுகின்றன.

நிலைப்பு: மொசைக் சுவரோடு ஒட்டியது. கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயச் சட்டங்களுக்கோ பராமரிப்பு ஓயாது.

காணும் எளிமை: சான் விட்டாலேயின் மொசைக்கில் உள்ள பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன், பேரரசி தியோடோரா ஆகியோரின் உருவங்கள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். பாரிஸின் 15 சாளரங்களிலுள்ள 1,113 காட்சிகளில் மேலே இருப்பவற்றைப் பிரித்தறிய இருநோக்கி தேவைப்படும்.

முகங்களையும் ஆடைகளையும் நிதானமாக ஆராய விரும்புவோர் ரவென்னாவைத் தேர்ந்தெடுக்கலாம்; கட்டடமே ஒளியாக மாறும் அனுபவத்தை நாடுவோர், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் பாரிஸுக்குச் செல்லலாம்.