வெளிக் காப்பு நகலுக்கு எந்த வன்தட்டு?

பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் ஆண்டுதோறும் எடுத்த படங்களும், பாட்டியின் குரல் பதிந்த கேசட்டுகளிலிருந்து மாற்றிய ஒலிக்கோப்புகளுமாக என்னிடம் ஏறக்குறைய 3 டெராபைட் சேர்ந்துவிட்டது. அவற்றைக் காப்பு நகலாக வைக்க கொம்தார் வணிக வளாகத்தில் வன்தட்டு கேட்டபோது, சிவப்பு, ஊதா, நீலம் என்று லேபிள்களை அடுக்கிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிறத்துக்கு முன்னால் எழுதும் முறையைப் பார்க்க வேண்டும். அது சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என இரு வகை. சிஎம்ஆர் தட்டில் தரவு எழுதப்படும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் தட்டில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் படிந்திருப்பதால், நடுவில் ஒன்றை மாற்றினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத நேர்கிறது. என் முதல் தட்டு எஸ்எம்ஆர். பழைய நகலை அழித்துப் புதியதை ஏற்றியபோது, நொடிக்கு 150 மெகாபைட்டில் தொடங்கிய வேகம் நள்ளிரவில் 20க்கு இறங்கி அங்கேயே நின்றது. நகலெடுப்பு முடிந்த பின்னும் உள்ளே கரகரவென்ற சத்தம் வெகுநேரம் அடங்கவில்லை. ஒருமுறை எழுதித் தொடாமல் வைப்பவருக்கு அது போதும். மாதந்தோறும் புதுப்பிப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சீகேட் பாரகூடாவின் 4, 8 டெராபைட் தட்டுகள் எஸ்எம்ஆர் வகையே. வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் தட்டுகளிலும் 2 முதல் 6 டெராபைட் வரை எஸ்எம்ஆர் இருப்பது 2020இல் வெளிவந்தது. அதன்பின் சிஎம்ஆர் தட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயரிட்டார்கள். ஆகவே ரெட் பிளஸ் அல்லது சீகேட்டின் அயன்வுல்ஃப் என்று கேட்டு வாங்குவதே நல்லது. இவை பல தட்டுகள் சேர்ந்து இயங்கும், வலையமைப்பில் இணைக்கும் நாஸ் சேமிப்புப் பெட்டிக்கென வடிவமைக்கப்பட்டவை. படிக்க முடியாத இடத்தோடு சில நொடிகளே போராடிவிட்டுப் பிழை என்று அறிவித்துவிடும். அங்கே பக்கத்துத் தட்டு கைகொடுக்கும், தனித்தட்டில் அந்த உதவி இல்லை. இரண்டாவது நகல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்காணிப்புக் கேமராவுக்கான பர்ப்பிள், ஸ்கைஹாக் தட்டுகள் பிழைகளைப் பொருட்படுத்தாது என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்தச் சலுகை, பதிவுக்கருவி தனிக் கட்டளை அனுப்பினால்தான் செயல்படும். கணினியோடு இணைத்தால் அது சாதாரணத் தட்டாகவே நடந்துகொள்ளும். எனவே, கணிசமாக மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம், விலை சமமென்றால் நாஸ் தட்டையே எடுக்கலாம்.

சீகேட்டின் எக்ஸோஸ் போன்ற, பெருநிறுவனப் பயன்பாட்டுக்கான தட்டுகள் ஆண்டுக்கு 550 டெராபைட் படித்து எழுதும் வேலைப்பளுவைத் தாங்கும், 5 ஆண்டு உத்தரவாதமும் உண்டு. ஆனால் மாதம் ஒருமுறை 3 டெராபைட்டை முழுவதும் எழுதினாலும் ஆண்டுக்கு 36தான் வரும். ரெட் பிளஸ்ஸின் 180 அளவே தாராளம். நிமிடத்துக்கு 7200 சுழற்சியின் சூட்டையும் சத்தத்தையும் நாமேன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

கையடக்க 2.5 அங்குலத் தட்டுகள் சிலவற்றில் யூஎஸ்பி துளை மின்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருப்பதால், துளை உடைந்தால் தட்டைக் கழற்றி வேறு பெட்டியில் பொருத்த இயலாது. 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் மின்னிணைப்பு தேவைப்பட்டாலும் அந்தச் சிக்கல் இல்லை.

பினாங்கின் ஈரக்காற்றையும் மறக்கக் கூடாது. ஹீலியம் அடைத்தவை தவிர்த்த மற்ற தட்டுகளில் வடிகட்டியோடு ஒரு சுவாசத் துளை இருக்கும். அதை மூடக் கூடாது. சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால், ஈரம் படியக்கூடும் என்பதால் சில மணிநேரம் கழித்தே இணைக்கிறேன்.

இப்போது என்னிடம் இரண்டு 4 டெராபைட் ரெட் பிளஸ் தட்டுகள் உள்ளன. ஒன்று வீட்டு அலமாரியில், மற்றொன்று பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி, எல்லாக் கோப்புகளையும் படித்துச் சரிபார்க்கிறேன்.