ஜிப்சி எஞ்சின் கிட் காருக்கு எந்த மேனிஃபோல்டு, எந்த ஈசியு? குன்னூரிலிருந்து ஓர் ஒப்பீடு

மாருதி ஜிப்சியின் 1298 சிசி ஜி13பிபி எஞ்சினை நீளவாக்கில் வைத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் நாமே கட்டும் இரண்டு இருக்கைக் கிட் காருக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் வழியை மூன்று விதமாக அமைக்கலாம். இரட்டை வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்கள் ஒரு வழி. சிலிண்டருக்கு ஒன்றாக, காற்று போகும் வழியைத் திறந்து மூடும் நான்கு த்ராட்டில் பாடிகளும், பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கணினியான தனி ஈசியுவும் இன்னொன்று. நான்கு குழாய்களும் பிளீனம் எனப்படும் பொதுக் காற்றறையில் சேர, அதன் வாயில் ஒற்றை த்ராட்டில் பாடி மட்டும் இருக்கும் மேனிஃபோல்டும் (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) தனி ஈசியுவும் மூன்றாவது. என் காருக்கு நான் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். மலையில் கார் வைத்திருப்பவர்கள் வேறெதையும் வாங்குவதற்கு முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் உயரம். கார் நிற்பதும் வேலை நடப்பதும் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில். இப்படிச் சொந்தமாகக் கட்டிய காரைப் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு பெறுவது நம் நாட்டில் எளிதல்ல என்பதால், எஸ்டேட்டுக்குள் இருக்கும் தனியார் பாதையை விட்டால், பிக்கப் வண்டியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுபோய்ச் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில்தான் ஓட்ட முடியும். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கிய அந்தத் தடம் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூரில் காற்றழுத்தம் சுமார் 81 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 96-க்கு மேல். ஒரே எஞ்சின் இந்த இரண்டு காற்றையும் சுவாசித்தாக வேண்டும்.

கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குன்னூருக்குச் சரியாக ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) போட்டால், கோவையில் கலவை ஏறத்தாழ 7 சதவீதம் லீனாகிவிடும், அதாவது பெட்ரோல் குறைந்துவிடும். முழு த்ராட்டிலில் அப்படி ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. கோவைக்குப் போடும் ஜெட் குன்னூரில் பிளக்கைக் கருப்பாக்கும். ஒவ்வொரு முறையும் ஜெட் மாற்றுவது முடியாத காரியமல்ல. ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பனிமூட்டமும் குளிரும் சேரும்போது, சூடேற்றும் வசதியில்லாத மேனிஃபோல்டில் நிற்கும் டிசிஓஇயின் தொண்டைக்குள் ஐஸ் கட்டும் வாய்ப்பும் உண்டு. போதாக்குறைக்கு இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் கலவையை மேலும் லீனாக்குகிறது.

நான்கு த்ராட்டில் பாடிகளின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆக்சிலரேட்டரில் கால் வைத்ததும் எஞ்சின் துள்ளுவதும், திறந்த குழாய் வாய்களிலிருந்து எழும் உறுமலும் வேறெதிலும் கிடைக்காதவை. டிசிஓஇ கார்புரேட்டர் உட்காரும் அதே ஃபிளாஞ்சில் (இணைப்புத் தட்டில்) பொருந்தும்படி ஜென்வி நிறுவனம் த்ராட்டில் பாடிகளைத் தயாரிக்கிறது. ஆனால் விலை அதிகம். பெரிய பைக்குகளிலிருந்து கழற்றியவை மலிவாகக் கிடைத்தாலும், அவற்றின் இடைவெளி கார் எஞ்சினின் போர்ட் இடைவெளியோடு ஒத்துப்போகாது. வெட்டிப் பிரித்து மறுபடி இணைக்க வேண்டும். நான்கும் ஒரே அளவு திறக்கின்றனவா என்று அவ்வப்போது வாக்குவம் கேஜ் வைத்துச் சரிபார்ப்பதும் விடாத வேலை.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே. என் முடிவைத் தீர்மானித்தது, ஈசியு எஞ்சினின் பாரத்தை எப்படி அறிந்துகொள்கிறது என்ற ஒன்றுதான். நான்கு த்ராட்டில் பாடி அமைப்பில் குழாய்க்குள் அழுத்தம் அலைபாயும்; த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்ததுமே வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிவிடும். ஆகவே ஈசியு பெரும்பாலும் த்ராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் மட்டும் வைத்தே, எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் அட்டவணையைப் படிக்கிறது. இதற்கு ஆல்ஃபா-என் என்று பெயர். முழு த்ராட்டிலில் 5,000 ஆர்பிஎம் என்றால், குன்னூரிலும் கோவையிலும் அது அதே கட்டம்தான். கோவையில் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தமோ 19 சதவீதம் அதிகம். வெளிக்காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தம் பொதுவாகப் பெட்ரோலுக்கு மட்டுமே. ஸ்பார்க் டைமிங் அப்படியே இருக்கும். மெல்லிய காற்றில் எஞ்சின் தாங்கிய அட்வான்ஸை (ஸ்பார்க்கை முன்கூட்டிக் கொடுக்கும் அளவை) அடர்ந்த காற்றிலும் கொடுத்தால், கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் வரும்.

பிளீனம் மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டர்களின் இழுப்பும் ஒரே அறையில் கலந்து அழுத்தம் சீராகிறது. மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார்) அந்த அழுத்தத்தை நேரடியாகப் படிக்கிறது. பெட்ரோல், டைமிங் ஆகிய இரண்டு அட்டவணைகளும் அந்த அழுத்தத்தையே பின்பற்றுகின்றன. குன்னூரில் லாப்டாப்பைப் பக்கத்து இருக்கையில் வைத்து முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள்: எஞ்சின் எந்தக் கட்டத்தில் ஓடுகிறது என்று காட்டும் புள்ளி, 80 கிலோபாஸ்கலுக்கான 80-ஆம் வரிசைக்கு மேல் ஏறவே ஏறாது. அதற்கு மேலுள்ள வரிசைகளை இந்த மலையில் எவராலும் ட்யூன் செய்ய முடியாது. அவை கோவைக்கு உரியவை. அவற்றில் 80-ஆம் வரிசையின் எண்களைப் பெட்ரோல் கூடும்படி சற்று ரிச்சாகவும், டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி குறைத்தும் நிரப்பிவிட்டு, பாஷ் எல்எஸ்யு 4.9 ஆக்சிஜன் சென்சார் காட்டும் லாம்டாவை (காற்று-பெட்ரோல் விகித அளவை)ப் பார்த்தபடி கரி தடத்தில் படிப்படியாகச் சரிசெய்ய வேண்டும். அங்கே செய்த மாற்றம் இங்கே ட்யூன் செய்ததைத் தொடாது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரு கணக்குகளும் ஒரே பேரேட்டில் தனித்தனிப் பக்கங்களில் இருப்பதுபோல் நிற்கும். மலைக்கும் சமவெளிக்கும் இடையே போய்வரும் காருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

ஈசியுவைப் பொறுத்தவரை மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ இரண்டுமே இந்த வேலைக்குப் போதும். இரண்டுக்கும் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளே பயன்படுகிறது. ஆர்டுயினோ மெகா 2560 என்ற எலக்ட்ரானிக்ஸ் போர்டை அடிப்படையாகக் கொண்ட ஸ்பீடுயினோவை நான் எடுத்ததற்குக் காரணம், பழுதானால் அந்த போர்டைக் கோவையின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே வாங்கிவிடலாம் என்பதுதான். ஜிப்சியின் கம்பெனி ஈசியுவையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: கேம்ஷாஃப்டையும் எக்ஸாஸ்ட்டையும் மாற்றாதவரை அது நல்ல யோசனை.

மேனிஃபோல்டு கட்டுவதற்கு அலுமினியத் தகட்டில் சிஎன்சி மூலம் வெட்டிய ஃபிளாஞ்சும், டிக் வெல்டிங்கில் கைதேர்ந்த ஒருவரும் போதும். பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. குழாய்களைச் சற்று நீளமாக வைப்பது நல்லது. மெல்லிய காற்றில் ஏற்கெனவே இழந்த இழுவையில் கொஞ்சத்தை நடுத்தர ஆர்பிஎம்மில் அது மீட்டுத் தரும். மேப் சென்சாருக்கான ஹோஸை ஏதோ ஒரு குழாயிலிருந்து எடுக்காமல் பிளீனத்திலிருந்தே எடுக்க வேண்டும். இங்குள்ள ஈரத்தில் அந்த ஹோஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், நீர் தானாக வடியும்படி சென்சாரைப் பிளீனத்தைவிட உயரத்தில் பொருத்த வேண்டும்.

நான்கு த்ராட்டில் பாடி வைத்த கார்களை நண்பர்களின் தயவில் ஓட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, ஆண்டுக்கணக்கில் பராமரித்த அனுபவம் எனக்கில்லை. அழுத்தத்தையும் த்ராட்டில் கோணத்தையும் சேர்த்துப் படிக்கும் ஐடிபி (தனித்தனி த்ராட்டில் பாடி) முறை மெகாஸ்குவர்ட்டின் பிந்தைய பதிப்புகளில் உள்ளது. நான் மேலே சொன்ன குறையை அது எவ்வளவு தீர்க்கிறது என்பதை அதை வைத்து ஓட்டியவர்களிடம் கேட்பதே சரி. கோவையிலேயே கார் வைத்து, கோவையிலேயே ஓட்டுபவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவர் தாராளமாக நான்கு த்ராட்டில் பாடிகளுக்குப் போகலாம்.