லயனா, ஸைட்லிட்ஸா? என் ஓட்டு லயனுக்கே

முதல் உலகப்போர்க் கப்பல் ஒன்றின் மாதிரியைச் செய்யலாம் என்று முடிவெடுத்தபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: பிரிட்டனின் லயன், ஜெர்மனியின் ஸைட்லிட்ஸ். இரண்டுமே பேட்டில்குரூசர் வகை, அதாவது பெரிய பீரங்கிகளும் அதிக வேகமும் கொண்ட போர்க்கப்பல்கள். விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஸைட்லிட்ஸ் என்றுதான் சொல்வார்கள். 1916 மே 31 அன்று பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் வட கடலில் மோதிய ஜட்லாந்து சண்டையில் இருபதுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளையும் ஒரு டார்பீடோவையும் வாங்கிக்கொண்டு துறைமுகம் திரும்பிய கப்பல் அது. அதே நாளில் பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் மூன்று வெடித்துச் சிதறின. இருந்தும் நான் லயனைத்தான் எடுத்தேன்.

அளவுகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லயன் 1912-இல் பணிக்கு வந்தது; 13.5 அங்குல பீரங்கிகள் எட்டு, ஒரு குண்டின் எடை சுமார் 567 கிலோ. அடுத்த ஆண்டு வந்த ஸைட்லிட்ஸில் 28 செ.மீ. பீரங்கிகள் பத்து, குண்டு சுமார் 302 கிலோ. ஒரே மூச்சில் எல்லாப் பீரங்கிகளும் சுட்டால் லயன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இரும்பை எறியும். பக்கவாட்டுக் கவசத்தில் நிலைமை தலைகீழ்: லயனுக்கு அதிகபட்சம் 229 மி.மீ., ஸைட்லிட்ஸுக்கு 300. வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, லயனுக்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் கவசக் கணக்கை வைத்துத்தான் பலரும் தீர்ப்பு எழுதுகிறார்கள். பிரிட்டன் வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்தது, அதனால் கப்பல்கள் வெடித்தன என்பது வாதம். இன்வின்சிபிள், இன்டிஃபேட்டிகபிள் போன்ற முந்தைய கப்பல்களின் 6 அங்குலக் கவசத்துக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் லயனையும் ஸைட்லிட்ஸையும் எடைபோட என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற அம்சம் கவசம் இல்லை. கிடங்கிலிருந்து பீரங்கிக்கு வெடிமருந்து எப்படிப் போனது என்பதுதான்.

1915 ஜனவரி 24-க்குப் போவோம். வட கடலில் நடந்த டாகர் பேங்க் சண்டை. லயன் சுட்ட ஒரு குண்டு ஸைட்லிட்ஸின் கடைசிப் பீரங்கி மேடையின் கவசத்தைத் துளைத்தது. உள்ளே மேலே ஏற்றத் தயாராக இருந்த மருந்துப் பொதிகள் தீப்பிடித்தன. கீழே இருந்தவர்கள் தப்பிக்கப் பக்கத்து மேடைக்குப் போகும் கதவைத் திறக்க, தீ அந்த வழியாகப் பாய்ந்து இரண்டாவது மேடையையும் எரித்தது. 150-க்கும் மேற்பட்டோர் கணநேரத்தில் இறந்தார்கள். வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற மாலுமி, நெருப்பாய்ச் சுட்ட வால்வுகளை வெறுங்கையால் திருகிக் கிடங்குகளுக்குள் கடல்நீரை விட்டார். கப்பல் பிழைத்தது அதனால்தான். 300 மி.மீ. கவசத்துக்கு இதில் பங்கே இல்லை.

ஜெர்மானியர்கள் அன்றே பாடம் கற்றார்கள். மேடையில் பொதிகளைக் குவிக்காதே, தீ கீழே இறங்கும் வழியை அடை. அவர்களுடைய பிரதான மருந்து பித்தளை உறைக்குள் இருந்ததும் ஒரு பெரிய அனுகூலம். பிடித்தால் எரியும், சட்டென்று வெடிக்காது. பிரிட்டிஷ் பீரங்கி மருந்தான கார்டைட் பட்டுப் பைகளில் வந்தது, பைகளின் முனையில் கருமருந்து வேறு. பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்களின் தளபதி பீட்டியின் படைப்பிரிவில் அப்போது வேகமாகச் சுடுவதுதான் மந்திரம். அதற்காகக் கிடங்குக் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள், பொதிகளை முன்கூட்டியே எடுத்துக் குவித்தார்கள்.

லயனில் மட்டும் கதை வேறு. அங்கே பீரங்கி மருந்துக்குப் பொறுப்பாக வந்த அலெக்சாண்டர் கிரான்ட் இந்தக் குவியலைப் பார்த்துத் திடுக்கிட்டார். தேவைப்படும்போது மட்டும் பெட்டியைத் திற, சண்டை ஓயும்போது கதவை மூடு என்று கண்டிப்பு போட்டார். கடற்படைத் தலைமையகமான அட்மிரல்டியின் உத்தரவு எதுவும் வந்து அவர் இதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கப்பலில் பிடித்த விஷயம்.

ஜட்லாந்தில் அதன் பலன் தெரிந்தது. லயனின் ‘கியூ’ என்ற பீரங்கி மேடை கப்பலின் நடுவே, இரண்டாம் மூன்றாம் புகைபோக்கிகளுக்கு இடையே செருகியதுபோல் இருக்கும். ஜெர்மன் பேட்டில்குரூசர் ல்யூட்ஸோவ் சுட்ட குண்டு அதன் கூரையும் முகப்பும் சேரும் இடத்தில் விழுந்து கூரையைப் பிய்த்தது. மேடைக்குள் அநேகமாக எல்லோரும் மாண்டார்கள். உயிர் போகிற நிலையில் அந்த மேடையின் பொறுப்பாளர் மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி, கிடங்கை மூடித் தண்ணீர் விடச் சொன்னார். சிறிது நேரம் கழித்து, ஏற்றும் கூண்டில் மிஞ்சியிருந்த பொதிகள் பற்றிக்கொண்டு தீ அடித்தளம்வரை பாய்ந்தது. வழியில் நின்றவர்கள் அத்தனை பேரும் இறந்தார்கள். கிடங்குக் கதவு வளைந்தது, உடையவில்லை. ஹார்விக்கு இறந்தபின் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

அதே பிற்பகலில் குயின் மேரி வெடித்தது, 1,266 பேருடன். அது லயனின் ஏறக்குறைய உடன்பிறப்பு; அதே பீரங்கி, அதே கவசத் தடிமன். ஒன்று மிஞ்சியது, ஒன்று மறைந்தது. கிரான்டின் ஒழுங்கு குயின் மேரியிலும் இருந்திருந்தால் அதுவும் திரும்பியிருக்கும் என்பது என் ஊகம்தான், நிரூபிக்க வழியில்லை. ஆனால் ‘வடிவமைப்பே தவறு’ என்று சொல்பவர்கள் லயன் ஏன் பிழைத்தது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அன்று லயனில் இறந்தவர்கள் 99, ஸைட்லிட்ஸில் 98.

எதற்காகக் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பேட்டில்குரூசரை பிரிட்டிஷ் அட்மிரல் ஃபிஷர் கற்பனை செய்தது உலகக் கடல்களில் எதிரிக் குரூசர்களை விரட்டிப் பிடிக்க. 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்ட எம்டன், ஜெர்மன் அட்மிரல் ஸ்பீயின் கீழைக்கடல் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல். அந்த ஸ்பீயின் படையை டிசம்பர் 8 அன்று தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகள் அருகே முடித்தவை இன்வின்சிபிளும் இன்ஃபிளெக்சிபிளும். முந்தைய நாள்தான் அங்கே வந்து சேர்ந்து, நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்த கப்பல்கள். லயன் அந்த எண்ணத்தின் முதிர்ந்த வடிவம். வட கடலை மனதில் வைத்துக் கட்டிய ஸைட்லிட்ஸிடம் இந்த வேலையைக் கேட்க முடியாது.

ஸைட்லிட்ஸ் தெளிவாக ஜெயிக்கிற இடமும் உண்டு. உள்ளே 5,000 டன்னுக்கு மேல் தண்ணீர் புகுந்தும் அது மிதந்தது. லயன் அதே அடியைத் தாங்கியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். டாகர் பேங்கில் லயன் எஞ்சின் நின்று, இன்டாமிடபிள் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் கயிறு கட்டி இழுத்து வர வேண்டியிருந்தது. உயிரோடு வீடு திரும்புவது மட்டுமே குறி என்றால் ஸைட்லிட்ஸ் சரியான தேர்வு.

லயனின் பெரிய பீரங்கிகளின் முழுப் பலனும் கிடைக்காமல் போனதற்கு அதன் குண்டுகளும் காரணம். கவசத்தில் சாய்வாகப் பட்டால் துளைக்காமல் உடைந்துபோகும் ரகம் அது. சரியான குண்டுகள் படைக்கு வந்து சேர்ந்தபோது 1918 ஆகிவிட்டது, அதற்குப்பின் ஸைட்லிட்ஸ் எதிரே வரவில்லை.