தகடா, பேட்டரியா, பழைய இன்வெர்ட்டரா: ஒரு வண்ணாரப்பேட்டை மொட்டை மாடிக் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகு வெயில் வந்துவிட்டது, கரண்ட் வரவில்லை. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். எதிர்வீட்டு மாடியில் ஆறு சோலார் தகடுகள் கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தன. அவர் வீட்டில் மின்சாரம் இருக்கும் என்று நம்பி, செல்போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நான்கைந்து பேர் போனோம். அவர் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார். "இவ்வளவு வெயில் அடிக்கிறது, ஒரு பல்புகூட எரியவில்லை சார். என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்றார்.

யாரும் ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நெட் மீட்டரோடு (நாம் அனுப்பும் யூனிட்டை நாம் எடுக்கும் யூனிட்டில் கழித்துக் காட்டும் மீட்டர்) இணைத்த சோலார், மின் வாரியத்தின் கம்பியில் மின்சாரம் நின்ற நொடியில் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால், அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஏறும் லைன்மேன் மீது நம் மாடி மின்சாரம் பாய்ந்துவிடும். தகடு போட்டால் பில் குறையும். இருட்டு போகாது. இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டு என் வீட்டுக்குச் சோலார் போட விலை கேட்கப் போனபோது, விற்பனையாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் விற்கப் பார்த்தார்கள்.

எனக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. நெட் மீட்டரோடு வெறும் தகடு. தகட்டோடு லித்தியம் பேட்டரியும், தகடு, பேட்டரி, வாரியக் கம்பி மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும். தகடே வேண்டாம், மாடிப்படிக்கடியில் இருக்கும் பழைய இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் போதும் என்று இருப்பது.

முதல் வழியில் லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது வெயில் அல்ல, உங்கள் மின் கட்டண அட்டை. நான் கணக்குப் போட்டபோது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100க்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30 (2024 ஜூலை உயர்வுக்குப் பின் இருந்த விலை). 500ஐத் தாண்டினால் 2.35 என்ற படியே மறைந்துவிடும், அந்த 100க்கும் 4.70தான். மேல் யூனிட்டுகள் எட்டரை, ஒன்பதரை, பத்தரை என்று ஏறும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டும் வீடு, 520க்கு ஏறத்தாழ 2,200 கட்டுகிறது. அந்த 20 யூனிட்டின் விலை 400 ரூபாய்.

தகடு முதலில் வெட்டுவது மேலே இருக்கும் இந்த விலையுயர்ந்த யூனிட்டுகளைத்தான். சென்னையில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. என் வீட்டில் இரண்டு ஏசி, ஒரு கிரைண்டர், இரவெல்லாம் படிக்கும் பிள்ளைகள். கோடையில் மட்டுமல்ல, பெரும்பாலான பில்களில் 900 யூனிட் ஓடும், ஏறத்தாழ 5,800 ரூபாய். 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் கழிந்து மிச்சம் 180க்கு 200 ரூபாய்க்குள் கட்டினால் போதும். ஆண்டுக்கு 33,000க்கு மேல் மிச்சம். எனக்குச் சொன்ன விலை இரண்டு லட்சம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000 என மானியம் 78,000. கையிலிருந்து போவது 1,22,000. நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. இதே பணத்தை வங்கி வைப்பில் போட்டால் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் வட்டி வரும். ஒப்பிடவே தேவையில்லை.

ஆனால் இதே தகடு என் அக்கா வீட்டில் வேறு கதை. கொருக்குப்பேட்டையில் மூன்று தளம், தளத்துக்கு ஒரு இணைப்பு. அவர் தளத்தின் பில் 400 யூனிட், 1,175 ரூபாய். அவருக்கு 2 கிலோவாட் விற்க வந்தார்கள். மானியம் போக 80,000 ரூபாய். பில் முழுவதும் பூஜ்யமானாலும் ஆண்டுக்கு 7,050தான் மிச்சம். பதினோரு ஆண்டு ஆகும். வைப்பில் போட்டால் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேல் வட்டி வரும், முதலும் கையில் இருக்கும். "வேண்டாம் அக்கா, சீட்டு எடுத்த பணத்தை இதில் முடக்காதே" என்று சொல்லிவிட்டேன். ஒரு கிலோவாட் என்றால் ஏழு ஆண்டில் தேறும், அது பரவாயில்லை. வடசென்னையில் நிறைய வீடுகள் இப்படித்தான்: இணைப்பு பிரிந்திருப்பதால் இலவச 100 யூனிட்டும் தளத்துக்குத் தளம் கிடைக்கிறது, பில்லும் தாழ்வான படியிலேயே நிற்கிறது. அந்த வீடுகளுக்குச் சூரியனைவிடப் பெரிய சலுகை ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கிறது. 500ஐத் தொட்டும் தொடாமலும் ஊசலாடும் வீடுகளுக்குத்தான் ஒரு கிலோவாட்டே நல்ல வரவு. 520 யூனிட் வீட்டில் அது ஆண்டுக்கு 9,500 ரூபாய் மிச்சம் பிடிக்கும்.

திறன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் அதிகம் பேசுவது அதைத்தான். 21 சதவீதத் தகடா, 22.5 சதவீதத் தகடா என்று வாதாடுவதில் பயன் குறைவு. 3 கிலோவாட் என்றால் எதைப் போட்டாலும் 3 கிலோவாட்தான். அதிகத் திறன் உள்ளது கொஞ்சம் குறைந்த இடத்தை அடைக்கும், அவ்வளவே. அரை கிரவுண்டு மனையில் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு, துணிக்கொடி, வடகம் காயும் மூலை எல்லாம் போக மிஞ்சும் இடத்தில் அதற்கும் மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூட்டைத் தாங்குவது முக்கியம். தகட்டின் சக்தியை அளப்பது 25 டிகிரியில். மே மாத மொட்டை மாடியில் அது 65 டிகிரிக்குப் போகும். பெர்க் என்ற சற்றே பழைய வகைத் தகடு டிகிரிக்கு 0.35 சதவீதம் இழக்கும், அதாவது 14 சதவீதம் காணாமல் போகும். டாப்கான் என்ற புதிய வகையில் ஏறத்தாழ 12. வெயில் கூடக்கூட மின்சாரமும் கூடும் என்று நம்பியவர்களுக்கு மே மாதம் ஏமாற்றமாக இருக்கும்.

இந்த இரண்டு சதவீதச் சண்டையைத் தூக்கிச் சாப்பிடுவது தூசு. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அதற்கு முன்பு ராயபுரம் பக்கம் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது. இப்போது அந்தக் கருப்பு இல்லை. ஆனாலும் கண்டெய்னர் லாரிப் புழுதி இருக்கிறது, எண்ணூர், மணலிப் பக்கம் சாம்பல் இருக்கிறது. கடற்கரையோரம் என்றால் ஈர உப்பு அதை ஒட்ட வைத்துவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை விடியற்காலையில், தகடு சூடேறும் முன், நல்ல தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். போர் தண்ணீர் உப்புக்கறை விடும். தாங்கு சட்டத்தை வெறும் பெயிண்ட் அடித்த இரும்பில் போட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். காசிமேட்டில் சைக்கிள் சங்கிலி எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம், துருப்பிடிக்காத போல்ட், 2016 வர்தா புயலை நினைத்துப் பார்த்து நல்ல பிடிமானம் வேண்டும்.

பிறகு நிழல். முதலில் மாடியைப் பார்க்க வந்தவர் தொட்டிக்குக் கிழக்கே இரண்டு தகடு வரைந்து கொடுத்தார். மதியம் மூன்று மணிக்கு மேல் அங்கே நிழல் விழும் என்று நான் கோலப்பொடியில் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் மாற்றினார். வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றின் மீது விழும் நிழல், அந்த ஒன்றின் விளைச்சலை மட்டும் குறைத்துவிட்டுப் போவதில்லை.

இரண்டாவது வழி, பேட்டரி. 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் சேர்த்து எனக்குக் கூடுதலாகச் சொன்னது 1,60,000. 'பகலில் சேமித்து இரவில் செலவழித்தால் பில் மிச்சம்' என்றார்கள். எப்படி? நெட் மீட்டரில் பகலில் நான் அனுப்பும் ஒரு யூனிட்டை இரவில் ஒரு யூனிட்டாகவே திரும்ப எடுக்கிறேன். அதே யூனிட் பேட்டரிக்குள் போய் வந்தால் பத்தில் ஒரு பங்கு வெப்பமாகக் கழிந்துவிடும். வாரியத்தின் கம்பியே எனக்கு ஏறத்தாழச் செலவில்லாத பேட்டரி. ஆக, பேட்டரி போட்ட காசு திரும்ப வருவதற்கு வழியே கிடையாது, கொஞ்சம் நட்டம்கூட. நெட் மீட்டரே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த 5இல் இரவுக்கு 4 யூனிட் எடுத்து, யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 13,000. பன்னிரண்டு ஆண்டு. உத்தரவாதம் பெரும்பாலும் பத்து ஆண்டுதான்.

பேட்டரியால் லாபம் என்று காட்டும் வீடியோக்கள் பொய் அல்ல, வேறு ஊர்க் கணக்கு. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரல் நடுவுக்குப் பிறகு இணைப்புக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, அனுப்பும் மின்சாரத்துக்கான விலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அங்கே பேட்டரி சம்பாதிக்கிறது. இங்கே விதி மாறினால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் பேட்டரி சேர்க்க இடம் தரும் இன்வெர்ட்டர் வேண்டுமா என்று மட்டும் இப்போதே யோசிக்கலாம்.

ஆனால் காசுக்காக அல்லாமல் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் வாதாட மாட்டேன். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியில் இருக்கும் பெரியவர் இருந்தால், 300 வாட் இழுக்கும் அந்தக் கருவியை 4 யூனிட் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும், வெயில் வந்தால் மறுபடி நிரம்பும். மிக்ஜாம் போல ஒரு வாரம் வந்தால் அந்த 1,60,000க்கு ஈடு எதுவும் இல்லை.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி காகிதத்தில் 1.8 யூனிட், அதன் ஆயுளைக் கெடுக்காமல் எடுப்பது ஒரு யூனிட் சொச்சம். மூன்று மின்விசிறி, நான்கு விளக்கு, மூன்று நான்கு மணி நேரம். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை பதினைந்தாயிரத்துக்கு மேல் வைத்து மாற்ற வேண்டும், இடையில் டிஸ்டில்டு வாட்டர். ஏற்றி இறக்குவதில் கால்வாசி மின்சாரம் வீண். சும்மா இருக்கும்போதும் 15 வாட் தின்றால் இரண்டு மாதத்துக்கு 20 யூனிட் போகும். 500ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த 20 என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

நான் செய்தது இதுதான்: 3 கிலோவாட் நெட் மீட்டர், பேட்டரி இல்லை, படிக்கடியில் இருக்கும் பழைய இன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிட்டேன், பழைய மின்விசிறி மூன்றையும் 30 வாட் இழுக்கும் புதியவையாக மாற்றினேன். மூன்று மணி நேரம் வந்த அதே டியூபுலர் பேட்டரி இப்போது ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எதிர்வீட்டுக்காரர் போன மாதம் லித்தியம் பேட்டரி சேர்த்துவிட்டார். எத்தனை ஆண்டில் காசு திரும்பும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த புயலில் செல்போனைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போகப்போகிறேன்.